‘சூரரைப் போற்று’: ஒரு படமும் மூன்று அளவுகோல்களும்

தொழில்நுட்பத்தைக் கொண்டு புதிய தொழில் கண்டவர்களின் வாழ்க்கையைத் திரைப்படமாக்குவது இந்த நூற்றாண்டில் உலகெங்கும் பரவியுள்ள வழக்கம். முன்பு அரசர்க்கும் அடியார்க்கும் கதையில் கிடைத்த இடம் இன்று தொழில் முனைவோர்க்குக் கிடைத்துள்ளது எனலாம். தமிழில் இவ்வகையில் பெரிதும் பேசப்பட்ட படம் சுதா கொங்கரா இயக்கிச் சூர்யா நடித்த ‘சூரரைப் போற்று’. அது 2020 நவம்பர் 12-இல் வெளிவந்தது. அதன் கதையைச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நம் மன்றத்து நண்பர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்தவர்களே. அப்படத்தைப் பற்றி எழுந்த திறனாய்வுகள் எவற்றைக் கண்டன, எதைக் காணாமல் விட்டன என்பதை ஆராய்வதே நோக்கம். கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்து படிக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

கடல்நீரை ஆராயும் மாணவன் முதல் நாளிலேயே ஒரு பாடம் கற்கிறான். நீரின் வெப்பம் ஒன்று, உப்பின் அளவு மற்றொன்று, கலங்கல் வேறொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். நீர் தெளிவாய் இருக்கிறது என்பதால் உப்புக் குறைவு என்று எழுதினால் ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாழ்க்கை வரலாற்றுப் படத்தை ஆராய்வதும் இத்தகையதே. அதற்கு மூன்று அளவுகோல்கள் வேண்டும். படம் கலையாகச் சிறந்ததா என்பது முதலாவது. ஒருவருடைய வாழ்வை உண்மையாகக் காட்டுகிறதா என்பது இரண்டாவது. அவ்வாழ்வின் வாயிலாக உலகைப் பற்றிப் படம் சொல்லும் செய்தி சரிதானா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே நம்மிடையே பல வாதங்கள் முடிவு காணாமல் நிற்கின்றன.

மூலநூலும் மூலவரும்

படத்திற்கு மூலம் கேப்டன் கோ. ரா. கோபிநாத் எழுதிய ‘சிம்ப்ளி ஃப்ளை’ என்னும் தன்வரலாறு. கோபிநாத் கருநாடகத்தில் ஹாசன் மாவட்டத்துக் கோரூரில் வளர்ந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன். இராணுவத்தில் சேர்ந்து 1971-ஆம் ஆண்டுப் போரில் பணிபுரிந்தார். பின்னர் வேலையை விட்டு விலகி உழவிலும் பட்டுப்புழு வளர்ப்பிலும் ஈடுபட்டார். இயற்கையோடு இயைந்த அவருடைய பட்டு வேளாண்மைக்கு 1996-இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு தம் இராணுவ நண்பர் கே. ஜே. சாமுவேலுடன் சேர்ந்து ஹெலிகாப்டர்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த அடிப்படையின்மேல்தான் 2003-இல் ‘ஏர் டெக்கான்’ எழுந்தது.

அந்நிறுவனம் 48 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கியது. பயணிக்கு இலவச உணவு இல்லை, உயர்வகுப்பு இல்லை, சீட்டை இணையத்தில் வாங்கலாம், தரை இறங்கிய விமானம் விரைவில் மறுபடியும் பறக்க வேண்டும். ஆர். கே. லட்சுமணன் வரைந்த ‘சாமானியன்’ உருவமே அதன் சின்னம். முந்திப் பதிவு செய்த சிலருக்கு வரிகள் நீங்கலாக ஒரு ரூபாய்க்கும் சீட்டு விற்றது. சில ஆண்டுகளில் 60-க்கு மேற்பட்ட ஊர்களை இணைத்தது. இவை வரலாறு.

படம் செய்த மாற்றங்கள்

படம் இவ்வரலாற்றை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கோபிநாத் நெடுமாறன் ஆனார். கோரூர் மதுரைப் பக்கத்துச் சோழவந்தான் ஆயிற்று. தரைப்படை விமானப்படையாக மாறியது. உழவும் பட்டுப்புழுவும் மறைந்தன. ஹெலிகாப்டர்த் தொழிலும் மறைந்தது. கோபிநாத் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். படத்தின் தலைவனோ கட்டணத் தடையோடு சாதித் தடையையும் உடைக்கப் பறப்பவன்; கருப்புச் சட்டை அணிபவன். ஆசிரியரான தந்தை மட்டும் மாறாமல் நின்றார். ஆனால், ஊரில் ரயில் நிற்கவேண்டும் என்று மனுமேல் மனு எழுதும் தந்தையாக அவரும் புதுவடிவம் பெற்றார்.

இம்மாற்றங்களைப் பொய் என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது எளிது, அது நேர்மையாகாது. தலைவனின் பெயரையே மாற்றிய படம், தான் கற்பனை கலந்தது என்பதை ஒளிக்கவில்லை. அதே வேளையில், உண்மை வாழ்வைத் தழுவியது என்னும் பெருமையையும் அது விடவில்லை. அப்பெருமையை ஏற்ற படம், உண்மைக்குச் சிறிதளவாவது கடன்பட்டதே ஆகும்.

திறனாய்வாளர் கண்டவை

முதல் அளவுகோலில் படம் பெற்ற பாராட்டு பெரிது. சூர்யாவின் நடிப்பையும், அபர்ணா பாலமுரளியின் பொம்மி என்னும் பாத்திரத்தையும் திறனாய்வாளர் பலர் போற்றினர். கணவன் தொழில் நடத்தத் தானும் தன் தொழிலை நடத்தும் மனைவியைத் தமிழ்ப்படத்தில் காண்பது அரிது. பொம்மியின் அடுமனை ஒப்புக்கு வைத்த அலங்காரம் அன்று. தாயாக நடித்த ஊர்வசியும் தந்தையாக நடித்த பூ ராமுவும் பாராட்டப்பட்டனர். குறையும் கூறப்பட்டது. பரேஷ் ராவல் ஏற்ற எதிராளி, தீமை ஒன்றையே தொழிலாகக் கொண்டவராய் இருக்கிறார். தடைமேல் தடை வந்து ஒவ்வொன்றும் கடைசி நொடியில் உடைகிறது. இது தொழிலின் கதையை வழக்கமான வீரன் கதையாக்கிவிட்டது என்றனர். இரு கூற்றும் ஏற்கத் தக்கவையே.

2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படத்திற்கு ஐந்து கிடைத்தன. சிறந்த படம், சிறந்த நடிகை, சிறந்த திரைக்கதை, ஜி. வி. பிரகாஷ்குமாரின் பின்னணி இசை ஆகியவற்றோடு, சிறந்த நடிகர் விருதையும் சூர்யா, அஜய் தேவ்கனுடன் பகிர்ந்துகொண்டார். விருதுச் செய்திகளைப் படிப்பதிலும் ஒரு பயிற்சி வேண்டும். 2021-இல் இப்படம் ஆஸ்கர் போட்டியில் இருப்பதாகச் செய்தி பரவி நாம் மகிழ்ந்தோம். அது இருந்தது 366 படங்கள் கொண்ட தகுதிப் பட்டியலில். அப்பட்டியல், விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றிய படங்களின் வரிசை. நடுவர் தேர்ந்தெடுத்த வரிசை அன்று. தேர்வு எழுதப் பெயர் பதிந்தவர் பட்டியலும் தேறியவர் பட்டியலும் ஒன்றாகுமா?

இரண்டாம் அளவுகோலில்தான் சூடான வாதம் எழுந்தது. பிராமணர் ஒருவரின் வாழ்வை எடுத்து அவர் பிறப்பை மாற்றியது வரலாற்றுத் திரிபு என்றனர் ஒரு சாரார். தமிழ்நாட்டில் சொல்லப்படும் கதை தமிழ்நாட்டுச் சமூகத்தின் காயங்களைத் தொடவேண்டும். தழுவலுக்கு அவ்வுரிமை உண்டு என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் தலைவன் யார் என்பதையே வாதித்தனர். அவன் செய்த தொழில் என்ன செய்தது என்று கேட்டவர் சிலரே. பிறப்பை மாற்றியது எல்லார் கண்ணிலும் பட்டது. ஹெலிகாப்டர்த் தொழிலில் பெற்ற ஆண்டுக்கணக்கான பட்டறிவு மறைந்தது பலர் கண்ணில் படவில்லை. தொழில் தொடங்க விரும்பும் மாணவனுக்கு இம்மறைவே பெரிய இழப்பு. ஊக்கம் ஒன்றே போதும் என்று அவன் எண்ணிவிடக்கூடும்.

மூலவரின் சான்று எவ்வளவு செல்லும்?

படம் வெளிவந்தபோது கோபிநாத்தே கருத்துச் சொன்னார். கற்பனை மிகுதி என்றாலும் தம் நூலின் சாரத்தைப் படம் பற்றிக்கொண்டது என்பதும், குடும்பக் காட்சிகளில் தாம் சிரித்தும் அழுதும் பார்த்ததாகவும் அவர் கூறியதன் கருத்து. இதோடு வாதம் முடிந்தது என்றனர் பலர். வாழ்ந்தவரே ஒப்புக்கொண்டபின் மற்றவர்க்கு என்ன கேள்வி?

இதற்கு விடை காணப் பிறநாட்டு எடுத்துக்காட்டுகள் உதவும். ‘ஃபேஸ்புக்’ தோன்றிய கதையைச் சொன்ன ‘தி சோசியல் நெட்வொர்க்’ 2010-இல் வந்தது. திறனாய்வாளர் பெரிதும் போற்ற, அது மூன்று ஆஸ்கர் பரிசுகளைப் பெற்றது. ஆனால் மார்க் சக்கர்பெர்க், படம் தம் உடைகளைச் சரியாகக் காட்டியது, தம் நோக்கத்தைத் தவறாகக் காட்டியது என்னும் பொருள்படப் பேசினார். ‘ஆப்பிள்’ நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் பற்றி 2013-இல் ஒரு படமும் 2015-இல் மற்றொரு படமும் வந்தன. ஜாப்ஸின் தொடக்ககாலத் தோழர் ஸ்டீவ் வாஸ்னியாக் முன்னதைக் குறை கூறினார், பின்னதைப் பாராட்டினார். பின்னதோ 1984, 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று அறிமுக விழாக்களுக்கு முந்திய சில நிமிடங்களுக்குள் ஒரு வாழ்வையே அடக்கிய படம். அதில் வரும் உரையாடல்கள் அவ்வாறு நடந்தவை அல்ல. நிகழ்ச்சி பொய்யாயினும் மனிதரை மெய்யாகக் காட்டலாம் என்பதற்கு இது சான்று. எனினும் வாஸ்னியாக் அப்படத்திற்கு ஆலோசகராக இருந்தவர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஆகவே, மூலவரின் சொல் ஒரு சான்று, தீர்ப்பு அன்று. தம் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. தம் தொழில் நாட்டுக்கு என்ன செய்தது என்பதற்கோ அவர் பல சாட்சிகளுள் ஒருவரே. தன் சோதனையின் முடிவுக்குத் தானே நடுவராக இருக்க எந்த ஆய்வு மாணவனையும் அறிவியல் விடுவதில்லை அன்றோ?

இந்தியிலும் இதே கதை ‘சர்ஃபிரா’ என்னும் பெயரில் 2024 ஜூலை 12-இல் வந்தது, இயக்குநரும் அவரே. அக்ஷய் குமார் நடித்த அப்படம் வசூலில் தோற்றது. கதை ஒன்று, முடிவு இரண்டு. ஆதலால் தமிழரின் சுவை உயர்ந்தது என்று சிலர் மகிழ்ந்தனர். ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்தால்தான் சோதனை செல்லும். இங்கே நடிகரும் மொழியும் ஆண்டும் மாறின. தமிழ்ப்படம் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுத் திரைக்கு வந்தது. இந்திப்படம் கொட்டகைக்குச் சென்றது. இதிலிருந்து எந்த முடிவும் எடுக்க இயலாது.

கேட்கப்படாத கேள்வி

இனி மூன்றாம் அளவுகோலுக்கு வருவோம். படம் உலகைப் பற்றிச் சொல்லும் செய்தி என்ன? எளியவனும் பறக்கவேண்டும், கட்டணம் குறைந்தால் பறப்பான், அதை ஒருவன் செய்து காட்டினான் என்பதே. இச்செய்திக்குப் படத்தில் உயிர் கொடுப்பது ஒரு காட்சி. தந்தை இறக்கும் தறுவாயில் இருக்கிறார். மகன் விமான நிலையத்தில் நிற்கிறான். கையில் உள்ள பணம் சீட்டுக்குப் போதவில்லை. கண்டவரிடமெல்லாம் கையேந்துகிறான். ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தத் துயரமே அவனை விமான நிறுவனம் தொடங்கச் செய்கிறது.

இந்தத் தீவில் இருக்கும் தமிழர் யாரும் அக்காட்சியை வெறும் காட்சியாகப் பார்த்திருக்க முடியாது. நாம் ‘மெயின்லேண்டு’ என்று சொல்லும் கரை 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள். அதுவும் கப்பல் நாள்தோறும் புறப்படுவதில்லை. விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். வீட்டிலிருந்து நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் விடுதியில் இருக்கும் ஒவ்வொருவரும் முதலில் நினைப்பது அந்தச் சீட்டின் விலையைத்தான். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் நானும் இதற்கு விலக்கல்லன்.

படத்தின் தலைவன் கண்ட மலிவு விமானம் அவனுடைய அந்தத் துயரத்தைத் தீர்க்குமா? நான் படித்த திறனாய்வுகளில் இக்கேள்வியை நான் காணவில்லை.

மலிவு விமானம் இயங்கும் முறையை ஒரு கணக்கால் காண்போம். இது விளக்கத்திற்காக நான் அமைத்த கணக்கு. எந்த நிறுவனத்தின் ஏடும் அன்று. விமானத்தில் 48 இருக்கைகள். ஒருமுறை பறக்க 96,000 ரூபாய் செலவு என்று கொள்வோம். ஆளுக்கு 2,000 ரூபாய் வாங்கினால் செலவு சரியாகும். ஆனால் மலிவு நிறுவனம் அப்படி விற்பதில்லை. முதலில் வரும் 8 பேருக்கு 1 ரூபாய். அடுத்த 20 பேருக்கு 1,500. அதற்கடுத்த 12 பேருக்கு 2,500. கடைசி 8 பேருக்கு 4,500. கூட்டிப் பாருங்கள்: 8, 30,000, 30,000, 36,000, ஆக 96,008 ரூபாய். செலவு ஈடாகிவிட்டது, ஒரு ரூபாய்ச் சீட்டு என்று விளம்பரமும் செய்தாயிற்று.

அந்த ஒரு ரூபாய்ச் சீட்டின் உண்மையான விலையைக் கொடுத்தவர் யார்? கடைசியில் வந்த எட்டுப் பேரும்தான். கடைசியில் வருபவர் யார்? அவசர வாணிகத்திற்குப் போகும் செல்வர் ஒருவர். தந்தையின் சாவுச் செய்தி கேட்டு ஓடிவரும் ஏழை மகன் மற்றொருவர். விலையைக் கணக்கிடும் பொறி இருவரையும் வேறுபடுத்தி அறியாது. சாவு முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. எனவே, எந்தக் காயத்தைக் காட்டிப் படம் நம்மை அழவைக்கிறதோ, அந்தக் காயத்திற்குப் படம் காட்டும் மருந்து பயன்படாது. நெடுமாறன் தன் நிறுவனத்தின் சீட்டு வரிசையிலேயே போய் நின்றிருந்தாலும், அன்று அவனுக்குக் கிடைத்திருப்பது கடைசி விலைச் சீட்டே.

இதனால் மலிவு விமானம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. திட்டமிட்டுச் செய்யும் பயணத்திற்கு அது பெருநன்மை செய்தது. 2003-இல் நாட்டுக்குள் விமானத்தில் சென்றவர் இரண்டு கோடிக்கும் குறைவு. 2019-இல் ஏறத்தாழ 14 கோடி. பொங்கலுக்கு ஊர் போக மூன்று மாதம் முன்பே சீட்டு வாங்கும் நம் நண்பர்கள் அந்த மாற்றத்தின் பயனை நுகர்பவர்களே. படத்தின் செய்தி பாதி உண்மை. மற்றப் பாதி, நம்மைப் போன்றோர் அவசரத்திற்குப் போகும்போது விளங்குகிறது. கப்பலில் முதலில் வாங்கினாலும் கடைசியில் வாங்கினாலும் பங்க் வகுப்பின் கட்டணம் ஒன்றே. ஆனால் நாள் போதாது. விமானத்தில் நாள் போதும், பணம் போதாது. இந்த இடைவெளியை மூடத் தனி ஒருவரின் வீரம் போதாது. சாவு, நோய் ஆகிய காரணங்களுக்குச் சில இருக்கைகளை மாறா விலையில் ஒதுக்குவது போன்ற பொது ஏற்பாடு வேண்டும். ஆனால், ஏற்பாட்டைத் தலைவனாக்கிப் படம் எடுப்பது கடினம். ஆளைத் தலைவனாக்குவது எளிது.

கதை எங்கே நிற்கிறது?

வாழ்க்கை வரலாற்றுப் படத்தின் கருத்தை அறிய, அது எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும். ஊர்மக்கள் விமானத்தில் வந்து இறங்கும் வெற்றியோடு ‘சூரரைப் போற்று’ நிற்கிறது. முன்பு அவனைப் புறக்கணித்த பெருமுதலாளி இப்போது கூட்டுச் சேர அழைக்கிறார். தலைவன் மறுத்துவிட்டு நடக்கிறான்.

வாழ்வு அங்கே நிற்கவில்லை. நட்டம் பெருகவே, 2007-இல் ஏர் டெக்கானின் 26 விழுக்காட்டுப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு விஜய் மல்லையாவின் நிறுவனம் வாங்கியது. 2008-இல் அது கிங்ஃபிஷருடன் இணைந்தது. ‘சாமானியன்’ சின்னமும் மறைந்தது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்தியது. சிற்றூர்களை இணைக்க அரசு வகுத்த ‘உடான்’ திட்டத்தின்கீழ் 2017 டிசம்பரில் ஏர் டெக்கான் என்னும் பெயர் மீண்டும் வானில் ஏறியது. பெருந்தொற்றினால் 2020 ஏப்ரலில் நின்றது. ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது.

திரையில் மறுத்த கூட்டை வாழ்வில் ஏற்க நேர்ந்தது. இது கோபிநாத்துக்கு இழுக்கு அன்று. அவர் திறந்த வழியில் பிற நிறுவனங்கள் பறந்தன. ஆனால் மலிவாக விற்பது எளிது, மலிவாக விற்று நிலைப்பது அரிது என்பதே அவ்வாழ்வு கற்பிக்கும் பெரும்பாடம். படம் தன் கடைசிக் காட்சியை முன்னதாக வைத்ததால் அப்பாடம் நமக்கு எட்டவில்லை. பிறப்பை மாற்றியதைவிட முடிவை மாற்றியதே வரலாற்றுக்கு நேர்ந்த பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். கலை என்னும் அளவில் ‘சூரரைப் போற்று’ உயர்ந்து நிற்கிறது. பாராட்டுக்கு முழுத் தகுதி உடையது. வாழ்வைக் காட்டுவதில் அது உள்ளத்திற்கு உண்மையாகவும் நிகழ்ச்சிகளுக்குத் தளர்வாகவும் இருக்கிறது. உலகைப் பற்றிய செய்தியில் பாதி வழி செல்கிறது. முதல் அளவில் கிடைத்த பாராட்டை மூன்றாம் அளவுக்கு மாற்றி எழுதியதே திறனாய்வுகளில் நான் காணும் குறை. நன்றாகச் சொல்லப்பட்ட கதை நன்றாகவே இருக்கட்டும். அதற்காகக் கணக்கைச் சரிபார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

கோவையின் ஜி. டி. நாயுடு (1893–1974) போன்றோரின் வாழ்வையும் படமாக்கும் முயற்சிகள் எழுந்துள்ளன. இத்தகைய படத்தைப் பார்த்தபின் மன்றத்தில் கூடிப் பேசும்போது நான்கு கேள்விகளை முன்வைத்துப் பார்க்கலாம். வாழ்ந்தவரின் தொழில் எவ்வாறு இயங்கியது என்பதைப் படம் காட்டுகிறதா, அல்லது அவர் பட்ட துன்பத்தை மட்டும் காட்டுகிறதா? வரலாற்றிலிருந்து எதை நீக்கினர். நீக்கியதால் யாருக்கு எந்தப் பாடம் இழப்பாயிற்று? பாராட்டுபவர் படத்தோடு தொடர்புடையவரா? வாழ்வு எந்த ஆண்டில் முடிய, கதை எந்த ஆண்டில் நிற்கிறது?

இந்நான்கையும் கேட்டபின்னும் ஒரு படம் நம்மை அழவைத்தால், அந்தக் கண்ணீர் வீண் ஆகாது. துடைத்துக்கொண்டு, அடுத்த சீட்டின் விலை ஏன் அவ்வளவு என்று கேட்கும் துணிவையும் அது நமக்குத் தரட்டும்.